நூற்றுப் பதினெட்டு லிட்டர்

நூற்றுப் பதினெட்டு லிட்டர்.
அது எனக்கு நிச்சயம்.
மீட்டர் சொன்னது, நான் எழுதினேன்.
டாக்டர் மூட்லி கையெழுத்துப் போடவில்லை.
"வந்து போடுகிறேன், திலோஷ்ணி.
மார்கேட் வரைதானே,
மாலைக்குள் திரும்பிவிடுவேன்."

தொங்காட்டுக்கு வடக்கே கரும்புக்கு நடுவில்
புல் வெட்டிய ஒரு கீற்று எங்கள் ஓடுதளம்.
ஒரு தகரக் கொட்டகை. ஒரு காற்றுப் பை.
வேலிக் கம்பங்களில், வந்துபோவோரைக்
கணக்கெடுக்கும் குரங்குகள்.
அன்று மலைக்காற்று,
செப்டம்பரில் அடுப்பைத் திறந்துவிட்டது போல் வருமே, அது.
காற்றுப் பை ஒருமுறை கடலைக் காட்டியது,
ஒருமுறை மலையை,
பிறகு எதையும் காட்டாமல் தொங்கியது.

புரட்டாசிச் சனி. அதனால் பீன்ஸ் பன்னி.
எனக்கும் டுமிசானிக்கும் சேர்த்து
அவரே வாங்கி வந்திருந்தார்.
பல் வைத்தியர் அல்லவா,
மென்று தின்னுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

ஏணியை மடக்கிவிட்டு
முதல் வாய் வைத்தேன்.
விமானம் என்னைத் தாண்டி உருண்டது.
கண்ணாடிக்குள்
சிவப்பாக ஏதோ ஆடியது.

நிறுத்தி வைத்த விமானத்தின் வாலைக்
காற்று அடித்து ஒடிக்காமலிருக்க
ஸ்டியரிங்கைப் பூட்டும் ஒரு முள் உண்டு.
அசல் தொலைந்து நாலு வருஷம்.
அவருடையது ஒரு போல்ட்,
தலையில் மகளின் பள்ளி ரிப்பன்,
மறக்காமலிருக்க.

பார்த்தேன்.
எடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.
இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை.
வாயில் ரொட்டி இருந்தது,
சுட்டது,
விழுங்க வேண்டியிருந்தது.

ஓடியது. நன்றாகத்தான் ஓடியது.
வெள்ளையடித்த டயர் வரை வந்தால்
மூக்கு தூக்கும், எப்போதும்.
தூக்கவில்லை.
அடுத்த டயர்.
டுமிசானி எழுந்து நின்றுவிட்டான்.
குரங்குகள் எங்களுக்கு முன்பே இறங்கி ஓடின.
எஞ்சின் அடங்கிய பிறகு வந்தது
வேலி அறுபடும் சத்தம்,
பிறகு கரும்பு,
ஒரு தெரு நீளத்துக்கு யாரோ
முறுக்கு ஒடிப்பது போல.

தீப்பிடிக்கவில்லை.
நான் ஊற்றிய நீல எண்ணெய் முழுவதையும்
கரும்பு குடித்துக்கொண்டிருந்தது.
அவர் கதவைத் தானே திறந்து
உட்கார்ந்தே இருந்தார்.
வலக் கையை மடியில் வைத்து
அடுத்தவர் பொருளைப் போல் பார்த்தார்.

பிரிட்டோரியாவிலிருந்து இருவர் வந்தார்கள்.
முதலில் என் பம்புக்குச் சீல்.
மூன்று குப்பியில் எண்ணெய் எடுத்தார்கள்.
தண்ணீர் கலந்ததா, தூசி கலந்ததா,
வடிகட்டி எப்போது மாற்றினாய்,
எத்தனை லிட்டர்?
நூற்றுப் பதினெட்டு, ஐயா.
பதினோரு நாள் நான் தூங்கவில்லை.
பிறகு சொன்னார்கள்: எண்ணெய் சுத்தம்.
போல்ட் துளையிலேயே இருந்ததாம், வளைந்து.
ரிப்பனைப் பற்றி
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்காத கேள்விக்குப் பதில் எழுத
அந்தப் படிவத்தில் இடமும் இல்லை.

தை மாதம் ஒரு கார் வந்து நின்றது.
மெலிந்திருந்தார்.
கிளினிக்கை விற்றாயிற்று என்றார், 
மழையைப் பற்றிச் சொல்வது போல.
மூன்று விரலுக்கு உணர்ச்சி இல்லை,
ஊசி பிடித்தால் ஊசி தெரிவதில்லையாம்.
வேலியின் புதுக் கம்பியைப் பார்த்தார்.
கருகிய திட்டில்
மறுதாம்பு முளைத்திருப்பதைப் பார்த்தார்.
நான் அந்த இரண்டு விநாடியைச்
சொல்லிவிட வாய் திறந்தேன்.

"அன்று எவ்வளவு நிரப்பினாய்?
பாக்கி நிற்கிறதே."

நோட்டை நீட்டினேன்.
இடக் கையால் கையெழுத்துப் போட்டார்,
முதல் வகுப்புப் பிள்ளை போல,
நாக்கைக் கடித்துக்கொண்டு.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம்
எண்ணெய் ஊற்றிய பின் ஒவ்வொரு ஜன்னலையும்
விரலால் தட்டி உள்ளே பார்க்கிறேன்.
புதிதாக வருபவர்களுக்கு எரிச்சல்.
டுமிசானி சாப்பிடக் கூப்பிட்டால்
வானம் காலியாகட்டும் என்கிறேன்.
அதற்குள் ஆறிவிடுகிறது.
ஆறியதைத்தான் தின்கிறேன்.